பெயர் சொல்லக் கூடாத ஸ்ட்ரைக்கர்

2022 டிசம்பர் 1. கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோவும் கனடாவும் ஆடிக்கொண்டிருந்தன. கனடா கோல்கீப்பர் செய்த தவறில் கிடைத்த பந்தை நான்காவது நிமிடத்திலேயே ஹக்கீம் ஸியெஷ் கோலாக்கினார். துருக்கி அரசுத் தொலைக்காட்சியான டி.ஆர்.டி.யில் அன்று வர்ணனை செய்தவர், இப்படி ஒரு கோல் விழுந்தால் எல்லா வர்ணனையாளர்களும் சொல்வதைத்தான் சொன்னார்: உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிக வேகமான கோல் ஹக்கான் ஷுக்கூர் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியபோது வேறொருவரின் குரல் கேட்டது. முதல் பாதியில் பேசியவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 2002இல் தென் கொரியாவுக்கு எதிராக 11 விநாடியில் ஷுக்கூர் போட்ட கோல்தான் இன்றுவரை சாதனை. ஆட்டக்காரர் துருக்கியர், போட்டது துருக்கிக்காக. அந்தப் பெயரைத்தான் துருக்கியின் அரசுத் தொலைக்காட்சியில் உச்சரிக்கக் கூடாது.

ஷுக்கூரைப் பற்றி இணையத்தில் இப்போது கிடைப்பதில் முக்கால்வாசி அரசியல். கலிஃபோர்னியாவில் காபிக் கடை, வாஷிங்டனில் ஊபர் ஓட்டியது என்றுதான் தலைப்புகள் போடுகிறார்கள். அவர் எப்படி ஆடினார் என்று எழுதுபவர்கள் குறைந்துபோனார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஆகவே ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே, ஒரு ஏரிக்கரையில் இருக்கும் சபாஞ்சாவில் 1971இல் பிறந்தவர். அல்பேனிய வேர்கள் கொண்ட குடும்பம். பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து துருக்கிக்கு வந்து குடியேறியவர்கள். பால்கன் பகுதியிலிருந்து இப்படி வந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய. அருகிலிருக்கும் அதபஸாரி நகரத்தின் சகாரியாஸ்போர் கிளப்பில்தான் அவருடைய கால்பந்து தொடங்கியது. மீசை முளைக்கும் வயதிலேயே முதல் அணிக்கு வந்துவிட்டார். 1988இல் அந்தச் சிறிய கிளப் துருக்கிக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 16. அடுத்து பூர்சாஸ்போரில் இரண்டு பருவங்கள். 1992இல் கலாத்தாசராய்.

துருக்கியில் கால்பந்து என்றால் மூன்று இஸ்தான்புல் கிளப்புகள்தான்: கலாத்தாசராய், ஃபெனர்பாச்சே, பெஷிக்தாஷ். துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் ஏதோ ஓர் ஊரில் பிறந்த பையன்கூட இந்த மூன்றில் ஒன்றைத் தன்னுடையது என்றுதான் சொல்வான். அதில் ஒன்றின் ஒன்பதாம் எண் சட்டையைப் போடுவது ஒரு பொறுப்பு. ஷுக்கூர் அதை மொத்தம் மூன்று முறை வந்து போட்டார். இடையே இரண்டு முறை வெளிநாடு போனார்; இரண்டு முறையும் திரும்பி வந்தார்.

உயரம் 191 சென்டிமீட்டர். இவ்வளவு உயரமான முன்கள ஆட்டக்காரரைப் பார்த்தால் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: தூக்கிப் போடுகிற பந்தைத் தலையால் முட்டுபவர், அவ்வளவுதான் என்று. இந்த எண்ணத்தோடு நான் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. உயரம் மட்டும் கோல் போட்டுவிடாது. ஓரத்திலிருந்து கிராஸ் பந்து வரும்போது டிஃபெண்டரின் கண் பந்தின் மேல் இருக்கும். அந்த அரை நொடியில் அவருடைய முதுகுப் பக்கம் நழுவி, தூரத்துக் கம்பத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிட வேண்டும். முன்கூட்டியே ஓடினால் டிஃபெண்டர் பார்த்துவிடுவார், தாமதித்து ஓடினால் பந்து தாண்டிப் போய்விடும். ஷுக்கூரின் பழைய கோல்களைப் பாருங்கள். பந்து வரும் இடத்தில் அவர் ஏற்கெனவே நிற்பதுபோல் தோன்றும். அந்த இடத்துக்கு வர அவர் எடுத்த இரண்டு மூன்று எட்டுகள் பெரும்பாலும் கேமராவில் இருக்காது.

கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்து இடிக்கும் டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டே பந்தை நெஞ்சில் வாங்கி, ஓடிவரும் சக ஆட்டக்காரனுக்கு இறக்கிக் கொடுப்பது அவருடைய இன்னொரு வேலை. 1996இல் ருமேனிய ஆட்டக்காரர் கியோர்கே ஹாஜி வந்து சேர்ந்த பிறகு இந்த வேலைக்கு முழு மதிப்பு கிடைத்தது. இறக்கிக் கொடுக்கிற பந்தை என்ன செய்ய வேண்டும் என்று ஹாஜிக்குத் தெரிந்த அளவு ஐரோப்பாவில் பலருக்குத் தெரியாது. பயிற்சியாளர் ஃபாத்திஹ் தெரிம், எதிரணி தன் பாதியில் பந்தை வைத்திருக்கும்போதே பாய்ந்து பிடுங்கச் சொன்னவர். அந்தப் பாய்ச்சலின் முதல் ஆள் ஷுக்கூர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 11 விநாடி கோலுக்கு வரும்போது தேவைப்படும்.

1996-97 பருவத்தில் லீகில் 38 கோல்கள். ஒரே பருவத்தில் இதே 38ஐப் போட்டிருந்த கலாத்தாசராய்க்காரர் மெத்தின் ஒக்தாய், அந்தக் கிளப்பின் தெய்வம் என்றே சொல்லலாம். ஒக்தாய் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவது அங்கே சாதாரண விஷயமில்லை. 1997 முதல் 1999 வரை தொடர்ந்து மூன்று பருவங்கள் லீகின் அதிக கோல் அடித்தவர் இவர்தான். ஓய்வு பெற்றபோது லீக் கோல்கள் 249; அதுவரை 240 கோல்களோடு முதலிடத்தில் இருந்த தஞ்சு சோலாக்கைத் தாண்டியிருந்தார். தேசிய அணிக்கு 112 ஆட்டங்களில் 51. எட்டு லீக் பட்டங்கள். ரசிகர்கள் அவரை ‘கிரல்’, அதாவது ராஜா என்றார்கள். பத்திரிகைகள், இஸ்தான்புல்லின் நடுவே ஓடும் நீரிணையின் பெயரால், ‘பாஸ்பரஸின் காளை’ என்றன.

இந்த எண்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 1999-2000 பருவத்தை மட்டும் பேசினாலும் போதும்.

அந்தப் பருவம் தொடங்கியபோதே நாடு இடிந்து கிடந்தது. 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் வடமேற்குத் துருக்கியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மிக மோசமாகச் சிதைந்த நகரங்களில் ஒன்று அதபஸாரி. ஷுக்கூர் வளர்ந்த, கால்பந்து கற்ற மண். முன்பு அவரை மணந்து பிரிந்திருந்த பெண்ணும் தன் குடும்பத்தாரோடு அதில் இறந்துபோனார். அந்த இலையுதிர் காலத்தில் அவர் எப்படி மைதானத்துக்குள் இறங்கினார் என்று நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இறங்கினார், ஆடினார்.

சாம்பியன்ஸ் லீகில் கலாத்தாசராயின் குழுவில் செல்சி, ஏசி மிலன், ஹெர்த்தா பெர்லின். கடைசி ஆட்டம் இஸ்தான்புல்லின் அலி சாமி யென் மைதானத்தில், மிலனோடு. ஆட்டம் முடிய மூன்றே நிமிடங்கள் இருக்கும்போது கலாத்தாசராய் 1-2 என்று பின்தங்கியிருந்தது. அப்படியே முடிந்தால் ஐரோப்பாவை விட்டே வெளியே. 87ஆவது நிமிடத்தில் ஷுக்கூர் சமன் செய்தார். கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை உமித் தவாலா உள்ளே தள்ளினார். 3-2. மிலன் குழுவில் கடைசி இடத்துக்குப் போனது. மூன்றாமிடம் பிடித்த கலாத்தாசராய்க்கு, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடும் வாய்ப்பு. அதன் பிறகு நடந்தது எல்லாமே அந்த 87ஆவது நிமிடத்திலிருந்து வந்தது என்பது என் கணக்கு. அந்தக் கோல் இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை.

இத்தாலியின் பொலோன்யா, டார்ட்மண்ட், மயோர்கா என்று ஒவ்வொன்றாக வீழ்ந்தன. அரையிறுதியில் லீட்ஸ் யுனைடெட். முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு தக்சிம் பகுதியில் நடந்த மோதலில் இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் குத்திக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆட்டத்தை மறுநாள் ஆடியிருக்கவே கூடாது என்று நினைப்பவன் நான். ஆடினார்கள். ஷுக்கூர் தலையால் ஒரு கோல் போட்டார், கலாத்தாசராய் 2-0 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து லீட்ஸ் நகரத்தில், வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்த அரங்கத்தில், 2-2. அங்கேயும் ஒரு கோல் ஷுக்கூருடையது. வென்றதன் மகிழ்ச்சியை யாராலும் முழுதாகக் கொண்டாட முடியாத அரையிறுதி அது.

2000 மே 17, கோபன்ஹேகன், இறுதி ஆட்டம். எதிரே ஆர்சனல்: ஆன்ரி, பெர்கேம்ப், வியெரா, ஓவர்மார்ஸ். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கிய சற்று நேரத்தில் ஹாஜிக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர். கேப்டன் புலென்ட் கொர்க்மாஸ் தோள்பட்டை விலகிய நிலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். ஆன்ரி மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்தை கலாத்தாசராய் கோல்கீப்பர் தஃபரெல் எப்படித் தட்டினார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. கலாத்தாசராயின் இரண்டாவது பெனால்டியை அடித்தவர் ஷுக்கூர், கோல். ஆர்சனலின் டாவோர் ஷுக்கேரின் பந்து கம்பத்திலும் வியெராவின் பந்து மேற்கம்பத்திலும் பட, பொபெஸ்கு அடித்த கடைசி பந்தோடு 4-1. ஒரு துருக்கி கிளப் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றது அதுதான் முதல் முறை. தொடர்ந்து நான்காவது லீக் பட்டமும் அந்த ஆண்டே வந்தது.

ஒரு மாதம் கழித்து யூரோ 2000. போட்டியை நடத்திய பெல்ஜியத்தை அவர்களுடைய தலைநகரிலேயே 2-0 என்று வென்று துருக்கி முதன்முறையாகக் காலிறுதிக்குப் போனது. இரண்டு கோல்களும் ஷுக்கூர். முதல் கோலில் வெளியே ஓடிவந்த கோல்கீப்பருக்கு மேலே எழும்பி அவர் முட்டியதைப் பாருங்கள். உயரத்தையும் நேரத்தையும் பற்றி மேலே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது.

வெளிநாட்டு வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1995இல் டொரினோ: ஐந்து ஆட்டம், ஒரு கோல், சில மாதங்களில் வீடு. 2000இல் இன்டர் மிலன், பிறகு பார்மா, பிறகு தன் பழைய பயிற்சியாளர் கிரேம் சூனஸ் அழைத்ததால் பிளாக்பர்ன். அங்கே வந்த சுருக்கிலேயே கால் முறிந்தது. எங்குமே அவர் இஸ்தான்புல்லின் ஷுக்கூராக இல்லை. இத்தாலிய டிஃபெண்டர்கள் கெட்டிக்காரர்கள் என்பது ஒரு காரணம். இன்டரில் வியெரி போன்றவர்களோடு ஓர் இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருந்தது இன்னொன்று. என் பார்வையில் முதன்மையான காரணம் வேறு. அவருக்குத் தன்னைச் சுற்றி ஓர் அணி கட்டப்பட்டிருக்க வேண்டும். பந்து எப்போது எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தான் அந்த முதுகுப் பக்க ஓட்டம் பலிக்கும். அந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் கூடவே ஆடி வருவது, புது ஊரில் ஒரு பருவத்தில் கிடைக்காது.

இனி 2002. துருக்கி 1954க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. கேப்டன் ஷுக்கூர். ஆறு ஆட்டங்கள் ஆடி முடித்தும் அவர் பெயரில் ஒரு கோல் இல்லை. ஹசன் ஷாஷ் போட்டார், எம்ரே போட்டார், தடுப்பாட்டக்காரர் புலென்ட்கூடப் போட்டார். காலிறுதியில் செனகலுக்கு எதிராக ஷுக்கூரை வெளியே எடுத்து இல்ஹான் மன்சிஸை இறக்கினார் பயிற்சியாளர் ஷெனோல் குனெஷ். அந்த இல்ஹானே கூடுதல் நேரத்தில் கோல்டன் கோல் (விழுந்த உடனே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) போட்டு அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். இல்ஹானைத் தொடக்கத்திலிருந்தே ஆட விடுங்கள், ஷுக்கூரை உட்கார வையுங்கள் என்ற குரல் உரத்து எழுந்தது. குனெஷ் கேட்கவில்லை. அரையிறுதியில் ரொனால்டோவின் ஒரே கோலில் பிரேசிலிடம் தோல்வி.

ஜூன் 29, தேகு நகரம், மூன்றாமிடத்துக்கான ஆட்டம். இந்த முறை குனெஷ் இருவரையும் சேர்த்தே இறக்கினார். நம்மூரில் அப்போது மாலை நாலரை மணி. ஆட்டம் தொடங்கியதும் கொரியா பந்தைப் பின்னால் அனுப்பியது. அது ஹொங் மியுங்-போவிடம் வந்தது. தன் நான்காவது உலகக் கோப்பையை ஆடிக்கொண்டிருந்த கொரியக் கேப்டன், ஆசியாவின் ஆகச்சிறந்த டிஃபெண்டர்களில் ஒருவர். பந்தை அடக்குவதில் ஒரு சின்னத் தடுமாற்றம். அதற்குள் இல்ஹான் அவர்மேல் பாய்ந்துவிட்டார். பந்து ஷுக்கூரின் காலுக்கு வந்தது, அடித்தார், கோல். டிவி முன்னால் ஒழுங்காக உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

இதை அதிர்ஷ்டக் கோல் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஆட்டம் தொடங்கிய முதல் நொடியில், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில், கடைசி டிஃபெண்டரை நோக்கி இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடுகிறார்கள் என்றால் அது தெரிமின் காலத்திலிருந்து ஊறிப்போன பழக்கம். 1962இல் செக்கோஸ்லோவாக்கியாவின் வாட்ஸ்லாவ் மாஷெக் வைத்த சாதனை 40 ஆண்டுகளுக்குப் பிறகு உடைந்தது. துருக்கி 3-2 என்று வென்றது. மற்ற இரண்டு கோல்களும் இல்ஹான். முடிந்ததும் இரண்டு அணியினரும் கைகோத்துக்கொண்டு ரசிகர்களை நோக்கிப் போனார்கள். உலகக் கோப்பைகளில் நான் மிகவும் விரும்பும் காட்சிகளில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் ஆடினார். 2006 அக்டோபரில் மால்டோவாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. முந்தைய ஆண்டு ஸ்விட்சர்லாந்து ஆட்டத்தில் நடந்த அடிதடிக்கான தண்டனையாக அந்த ஆட்டம் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில், பார்வையாளர் இல்லாத அரங்கத்தில் நடந்தது. 35 வயதில் நான்கு கோல், கைதட்ட ஆளில்லை. 2008இல் லீக் பட்டத்தோடு ஓய்வு. பிறகு டி.ஆர்.டி.யில் கால்பந்து விமர்சகர். ஆம், அதே டி.ஆர்.டி.

அரசியலையும் பேசாமல் முடியாது. 1995இல் நேரடி ஒளிபரப்பாக நடந்த அவருடைய முதல் திருமணத்தை நடத்திவைத்தவர் அன்றைய இஸ்தான்புல் மேயர் ரெஜெப் தையிப் எர்தோவான். மதத் தலைவர் ஃபெத்துல்லா குலெனும் அதில் சாட்சி. பின்னர் பல ஆண்டுகள் அவ்விருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஷுக்கூர் குலெனைப் பின்பற்றுபவர் என்பதை ஒளித்ததில்லை. 2011இல் எர்தோவானின் நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2013 டிசம்பரில், குலென் இயக்கத்துக்கு வேராக இருந்த தனிப்பயிற்சி நிலையங்களை அரசு மூட முனைந்தபோது கட்சியிலிருந்து விலகினார். அங்கிருந்து எல்லாம் சரிந்தது. ட்விட்டர் பதிவுகளுக்காக, அதற்குள் அதிபராகிவிட்ட எர்தோவானை அவமதித்ததாக வழக்கு வந்தது. 2015இல் அமெரிக்கா போய்விட்டார். 2016 ஜூலையில் நடந்த ராணுவக் கவிழ்ப்பு முயற்சியில் சுமார் 250 பேர் இறந்தார்கள். அதற்குக் குலென்தான் காரணம் என்றது அரசு. அடுத்த மாதம் ஷுக்கூருக்குப் பிடியாணை. சொத்துகள் முடக்கப்பட்டன. அவருடைய தந்தை கைது செய்யப்பட்டார். மகனின் அரசியலுக்குத் தந்தையைப் பிடித்து உள்ளே வைப்பதை எந்த நியாயத்தாலும் பூச முடியாது.

அதேசமயம், துருக்கியில் அவருக்காகக் கண்ணீர் விடாதவர்கள் எல்லோரும் எர்தோவான் ஆதரவாளர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குலென் இயக்கத்தினர் காவல் துறையிலும் நீதித் துறையிலும் ஓங்கியிருந்த ஆண்டுகளில் பத்திரிகையாளர்களும் ராணுவ அதிகாரிகளும் ஜோடிக்கப்பட்ட வழக்குகளில் சிறைக்குப் போனார்கள். 2011இல் ஃபெனர்பாச்சே தலைவர் அஸீஸ் இல்திரிம் மேட்ச் ஃபிக்ஸிங் வழக்கில் சிறை சென்று, பின்னர் மறுவிசாரணையில் விடுவிக்கப்பட்டார். அது குலென்காரர்கள் தங்கள் கிளப்பைக் கைப்பற்றச் செய்த சதி என்றே ஃபெனர்பாச்சே ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஷுக்கூர் அந்த ஆண்டுகளில் ஆளும் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தவர். அவர்களுடைய கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த அரசியலில் அவர் சரியா தவறா என்று என்னைக் கேட்டால், தவறுகளே அதிகம் என்பேன். ஆயுதக் கவிழ்ப்பில் பங்கு இருந்தது என்றால் அதற்கான ஆதாரத்தை நியாயமான நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். ஆனால் 249 கோல்களையும் 51 கோல்களையும் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அந்த மாலைகள் அவர்களுடையவை. தண்டனை கொடுக்கிற அதிகாரம், நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவைக்கிற அதிகாரமாக மாறுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைக் கலாத்தாசராய் உறுப்பினர்கள் எனக்கு முன்பே, எத்தனையோ மடங்கு ஆபத்தான இடத்தில் நின்றுகொண்டு சொன்னார்கள். 2017 மார்ச், நாடெங்கும் நெருக்கடி நிலை. வேலை பறிபோனவர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். ஒரு ட்வீட்டுக்காகக்கூட வீட்டுக் கதவு தட்டப்படலாம். எர்தோவானுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பொது வாக்கெடுப்புக்கு மூன்று வாரமே இருந்தது. அப்போது கூடிய கிளப்பின் பொதுக்குழுவில், ஷுக்கூரையும் அவருடைய நெடுங்காலக் கூட்டாளி ஆரிஃப் எர்தெமையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. உறுப்பினர்கள் அதைத் தோற்கடித்தார்கள். அமைச்சர்கள் கொதித்தார்கள், அரசு ஆதரவுப் பத்திரிகைகள் கிளப்பைக் கிழித்தன. சில நாட்களிலேயே நிர்வாகக் குழு கூடி இருவரையும் நீக்கியது.